நகர்வல இரவின் பச்சைப் புள்ளிகள்: லென்ஸ் ஃபில்டர் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இது திருகோணமலையில், நாங்கள் திருமலை என்று சொல்லும் ஊரில், நடந்த விஷயம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, பெயர் விவரம் இல்லாமல் எழுதுகிறேன். நல்ல லென்ஸ் ஒன்று பழுதென்று முடிவுகட்டப்பட்டு, கழற்றித் துப்புரவாக்க அனுப்பப்படும் நிலைக்கு வந்தது. பழுது அதன் முகத்தில் திருகியிருந்த மலிவு ஃபில்டரில் இருந்தது. அதை எப்படிக் கண்டோம், பிறகு எதை வாங்கினோம், எதை வாங்காமல் விட்டோம், நான் எங்கே பிழையான ஆலோசனை சொன்னேன் என்பதையெல்லாம் நடந்த ஒழுங்கில் பதிகிறேன்.

பின்னணி

அந்தத் தம்பிக்கு 26 வயது. உப்புவெளிப் பக்கம் வீடு. நான்கு வருடமாகக் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கிறார். மழை விட்டுக் கடல் அடங்கும் மாதங்களில் நிலாவெளி விடுதிகளுக்கும் படகுக்காரருக்கும் விளம்பரப் படம் எடுத்துக் கொடுப்பார். திருமலையில் இந்தத் தொழில் செய்கிற பலருக்கு வருடம் இப்படித்தான் போகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் மண்டபத்துக்குள் வேலை, பிறகு ஆவணி வரைக்கும் உப்புக்காற்றில் வேலை. ஒரே லென்ஸ் இரண்டு இடத்திலும் உழைக்க வேண்டும். ஃபில்டர் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. கடற்கரையில் தேவைப்படுகிற ஒன்று மண்டபத்துக்குள் கெடுதி செய்யும்.

அவரிடம் இருந்தது பழைய, ஆனால் கவனமாக வைத்திருந்த ஒரு ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர் கமரா. லென்ஸ் மூன்று. 24–70 மி.மீ. லென்ஸின் ஃபில்டர் திருகு 77 மி.மீ., 70–300இன் திருகு 67 மி.மீ., 50 மி.மீ. லென்ஸின் திருகு 49 மி.மீ. ஃபில்டரும் மூன்று இருந்தன. 24–70 வாங்கிய கடையில் கூடவே கொடுத்த 77 மி.மீ. யூவி ஒன்று, தொலைதூர லென்ஸுக்கு வாங்கிய 67 மி.மீ. யூவி ஒன்று, இணையத்தில் எடுத்த 77 மி.மீ. போலரைஸர் (தண்ணீர் போன்றவற்றின் பளபளப்பை அடக்கும் ஃபில்டர்) ஒன்று. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு கலியாண ஆல்பத்தின் அட்டை அடிக்கும் காசு வராது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு யூவியும் லென்ஸை விட்டு இறங்கியதில்லை. ஒன்று இறங்கவே மறுத்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

யூவி ஃபில்டர் ஏன் வந்தது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ஃபிலிமுக்குப் புறஊதாக் கதிர் பிடிபடும். மலைப்பக்கமும் கடற்பக்கமும் எடுத்த படங்களில் தூரம் நீலமாய் மங்கிப் போகும், அதைத் தடுக்கத்தான் யூவி ஃபில்டர். டிஜிட்டல் கமராவில் சென்சருக்கு முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஆகவே இன்றைக்கு யூவி என்று விற்கப்படுவது நடைமுறையில் ஒரு காப்புக் கண்ணாடி மட்டும்தான். காப்புக் கண்ணாடி என்று தெரிந்து வாங்குகிறவர் கண்ணாடியின் தரத்தைக் கேட்பார். யூவி என்று வாங்குகிறவர் பெயரோடு நின்றுவிடுகிறார்.

பிரச்சினை தெரியவந்த இரவு

மாசி மாதம், சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்கள். வாசலுக்கு வாசல் நிறைகுடம், சந்திகளில் மின்விளக்கு வளைவுகள். ஒரு சந்தியில் வளைவு கட்டிய பெடியன்கள், சுவாமி வளைவின் கீழ் வந்து நிற்கும் காட்சியை எடுத்துத் தரச்சொல்லித் தம்பியிடம் கேட்டிருந்தார்கள். சுவாமி அங்கே நிற்பது இரண்டு மூன்று நிமிடம்தான். தம்பி லென்ஸை 24 மி.மீ.யில் வைத்து, குந்தியிருந்து மேல்நோக்கி எடுத்தார்.

இரவு வீட்டில் லப்டொப்பில் திறந்தபோது படத்தின் மேற்பாதியில் வளைவு அழகாக இருந்தது. கீழ்ப்பாதியில் அதே வளைவு கவிழ்ந்து, மங்கிய பச்சைப் புள்ளிகளாக, கும்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முகங்களுக்கு மேலே கிடந்தது. ஒரு அம்மாவின் நெற்றியில் திருநீற்றுக்கு நடுவில் ஒரு பச்சைப் பொட்டு. அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். அதைத் துடைத்துச் சரிசெய்ய முயன்றால் திருநீறும் சேர்ந்து அழிந்தது.

தம்பி தொழிலில் உள்ள ஒருவரிடம் கேட்டிருக்கிறார். லென்ஸுக்குள் பங்கஸ் (பூஞ்சணம்) பிடித்துவிட்டது, இந்த ஊர் ஈரத்துக்கு அது வரத்தான் செய்யும், கழற்றித் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிடு என்று சொல்லப்பட்டது. கொழும்புக்கு அனுப்பப் பெட்டியும் கட்டிவிட்டார். என்னிடம் வந்தது லென்ஸ் இரவல் கேட்கத்தான்.

"அண்ணா, உங்கட 24–70ஐ ரெண்டு கிழமைக்குத் தரேலுமோ? என்ரயில பங்கஸ் பிடிச்சிட்டுது."

"ஃபில்டரைக் கழட்டிப் போட்டு எடுத்துப் பார்த்தனீரோ தம்பி?"

"இல்லையண்ணா. அது யூவிதானே."

பெட்டியைப் பிரிக்கச் சொன்னேன்.

பார்த்தவை

முதலில் பங்கஸ் என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஃபில்டரையும் இரு பக்க மூடிகளையும் எடுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகச் சரித்துப் பார்த்தோம். பங்கஸ் இருந்தால் சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுத் தெரியும். நான்கு தூசி தவிர ஒன்றும் இல்லை.

அடுத்தது நகர்வலப் படம். லப்டொப் திரையில் படத்தின் சரியான நடுவைக் குறித்துக்கொண்டு, வளைவின் ஒரு பல்பிலிருந்து அந்த நடுவின் ஊடாக ஒரு நூலைப் பிடித்தோம். நூலின் மறுபக்கம், நடுவிலிருந்து அதே தூரத்தில், பச்சைப் புள்ளி இருந்தது. அடுத்த பல்பும் அப்படியே. ஏழெட்டுப் பல்புக்குப் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் தவறவில்லை. தம்பி நூலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பங்கஸ் இப்படிக் கணக்காகப் புள்ளி போடாது. இது பிரதிபலிப்பு. பல்பின் வெளிச்சம் லென்ஸ் வழியாகச் சென்சருக்குப் போகிறது. சென்சரின் முகம் மினுக்கமான கண்ணாடி, கொஞ்சம் வெளிச்சம் அங்கிருந்து வந்த வழியே முன்னுக்குத் திரும்புகிறது. லென்ஸின் சொந்தக் கண்ணாடிகள் பெரும்பாலும் வளைந்தவை, பூச்சும் பூசியவை, அதனால் திரும்பி வரும் வெளிச்சம் அவற்றில் பட்டுப் பரந்து மங்கிவிடும். முன்னால் திருகிய ஃபில்டர் தட்டையான கண்ணாடி. அது முகக்கண்ணாடி போல அந்த வெளிச்சத்தைத் திரும்ப உள்ளே அனுப்ப, படத்தின் நடுவுக்கு எதிர்ப்பக்கத்தில் அதே பல்பு இன்னொரு முறை விழுகிறது. பகலில் இது நடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கறுத்த பின்னணியில் கூர்மையான விளக்கு இருக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். திருவிழா இரவு, கலியாண மேடையின் பின்விளக்கு, குத்துவிளக்கு, துறைமுகத்தின் இரவு விளக்குகள் எல்லாம் அந்த வகை.

அந்த அறையிலேயே மேசைவிளக்கு ஒன்றை வைத்து ஃபில்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுத்தோம். ஃபில்டரோடு பச்சைப் புள்ளி வந்தது, கழற்றியதும் போனது. லென்ஸ் பற்றிய வழக்கு அத்தோடு முடிந்தது. இந்தச் சோதனைக்கு எடுத்த நேரம் ஐந்து நிமிடம்.

சரி, ஃபில்டர் ஏன் இப்படிச் செய்தது? அதை டியூப் லைட்டுக்குக் கீழ் சரித்துப் பிடித்தேன். டியூப்பின் விம்பம் வெள்ளை வெளேரென்று விழுந்தது. இரு முனையிலும் கறுத்திருந்த பகுதிகூடத் தெளிவாகத் தெரிந்தது. என்னிடமிருந்த பூச்சுள்ள ஃபில்டரைப் பக்கத்தில் பிடித்தபோது அதே டியூப் மங்கலாக, கரும்பச்சையும் ஊதாவுமாய்த் தெரிந்தது. பூச்சில்லாத கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், இரு பக்கமும் சேர்த்து 8. பல அடுக்குப் பூச்சு நன்றாக அமைந்த ஃபில்டரில் இரு பக்கமும் சேர்த்தே 1 சதவீதமளவில் நின்றுவிடும். லென்ஸ் கண்ணாடிக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சை ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் 1935இல் கண்டுபிடித்தார்கள். அதன் பயனெல்லாம் உள்ளே இருக்கும் லென்ஸுக்கு முன்னால், யன்னல் கண்ணாடிக்கு ஒப்பான ஒன்றைத் திருகி வைத்திருந்தோம்.

அடுத்த நாள் காலை, வெயில் ஏறிக் கானல் எழும்ப முன்னர், டச் பே கடற்கரையில் முக்காலியை நட்டு 70–300ஐ 300இல் வைத்து, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையை நோக்கினோம். அங்கேதான் 67 மி.மீ. யூவி கழற மறுத்தது. உப்பு பிடித்த அலுமினிய வளையம் லென்ஸின் திருகோடு இறுகியிருந்தது. தம்பி விளிம்பை விரலால் நெரித்துத் திருக முயன்றார். நெரித்தால் வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். ரப்பர் கையுறை போட்ட உள்ளங்கையை முகத்தில் தட்டையாக வைத்து, அழுத்தாமல் திருப்பியதில் கடைசியாக விட்டுக்கொடுத்தது.

லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து பார்த்தோம். ஃபில்டரோடு பார்க்கும்போது உச்சியில் இருந்த கட்டட விளிம்பு இரட்டைக் கோடாக நின்றது. எவ்வளவு திருப்பினாலும் ஒன்றாகவில்லை. ஃபில்டர் இல்லாமல் ஒரே கோடு. இது பூச்சின் குறை இல்லை, கண்ணாடியின் இரு முகமும் சமதளமாகவும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாகவும் இல்லாத குறை. 24 மி.மீ.யில் இது தெரியாமல் போகலாம். தொலைதூர லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாக்குவதால் ஃபில்டரின் கோணலையும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

மூன்றாவது, போலரைஸர். வளையத்தில் சிபிஎல் என்று அச்சடித்திருந்தது. சிபிஎல் என்பது வட்ட வகை. அதன் முன்னால் போலரைஸர் தாளும் அதற்குப் பின்னால் அந்த வெளிச்சத்தைச் சுழலவைக்கும் இன்னொரு தாளும் இருக்கும். இந்த இரண்டாவது தாள் இல்லாவிட்டால் டிஎஸ்எல்ஆரின் அரைக்கண்ணாடி வழியே வேலை செய்யும் ஓட்டோஃபோகஸும் ஒளியளவும் குழம்பும். இதை வீட்டில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முகம்பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால், ஃபில்டரின் திருகுப்பக்கம் கண்ணாடியை நோக்கும்படி பிடித்து, ஃபில்டரின் ஊடாகவே அதன் விம்பத்தைப் பார்க்க வேண்டும். வட்ட வகை என்றால் விம்பத்தில் ஃபில்டர் கறுத்துத் தெரியும். தம்பியின் ஃபில்டர் தெளிவாகத் தெரிந்தது. பெயர் மட்டும்தான் சிபிஎல். ஒரே காட்சிக்கு வளையத்தைத் திருப்பத் திருப்ப ஒளியளவு ஏறி இறங்குகிறது என்று அவர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. போதாததற்கு வெள்ளைத் தாளை அதன் ஊடாக எடுத்தபோது தாள் மஞ்சள் பச்சையாக வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

லென்ஸைக் கொழும்புக்கு அனுப்புவதில்லை என்பது முதல் முடிவு. துப்புரவாக்க வைத்திருந்த காசு ஃபில்டருக்கு மாறியது. அந்தக் காசுக்கு எல்லா லென்ஸுக்கும் எல்லா வகையும் வாங்க முடியாது. அதனால் ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்டோம். இது செய்கிற வேலையைப் பிறகு கணினியில் செய்ய முடியுமா, அல்லது வேறு பொருள் செய்யுமா?

போலரைஸருக்கு மாற்று இல்லை. தண்ணீர் மேல் பளபளப்பால் மூடுண்ட பவளத்தைக் கணினி கொண்டுவராது. ஆகவே காசின் பெரும்பங்கு அதற்குப் போனது. 77 மி.மீ.யில் நல்ல சிபிஎல் ஒன்று எடுத்து, 67இலிருந்து 77க்கு ஏற்றும் படிவளையம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு லென்ஸுக்கும் ஒன்றே போதும். பெரிய அளவை வாங்கிச் சிறியதற்கு ஏற்றலாம், சிறியதைப் பெரியதற்குப் போட்டால் படத்தின் மூலைகள் கறுக்கும்.

காப்புக் கண்ணாடி 24–70க்கு மட்டும், பல அடுக்குப் பூச்சுள்ளது, கடற்கரை வேலைக்கு மாத்திரம். மண்டபத்திலும் இரவிலும் அதைக் கழற்றிவிட்டு, லென்ஸின் முன்னால் நீட்டி நிற்கும் மறைப்பான ஹூட் போடுவது. கூட்டத்தில் இடிபடுவதற்கு ஹூட்தான் நல்ல காவல், பக்கத்து விளக்கின் வெளிச்சத்தையும் அது தடுக்கும். தொலைதூர லென்ஸுக்கு ஃபில்டரே வேண்டாம், ஹூட் போதும் என்று நான் சொன்னேன். அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்த வேகத்தில் சொன்னது அது.

வெளிச்சத்தைக் குறைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைக்க உதவும் இருண்ட கண்ணாடியான என்டி ஃபில்டரில்தான் தம்பிக்கும் எனக்கும் கொஞ்சம் இழுபறி. அவருக்குத் திருப்பத் திருப்ப இருள் கூடுகிற மாறும் வகையில் ஆசை, வீடியோவுக்கும் உதவும் என்றார். அந்த வகை இரண்டு போலரைஸரை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் செய்வது. அகலக் கோணத்தில் இருளைக் கூட்டும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கறுப்பு விழும். அவருக்கு வேண்டியிருந்தது சுவாமி மலையின் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குக் கீழே அலை பாறையில் வழிந்து நூல் நூலாக இறங்கும் படம். அதற்கு ஏறத்தாழ ஒரு செக்கன் திறப்பு வேண்டும். சூரியன் எழும்பிய பிறகு எஃப் 11, ஐஎஸ்ஓ 100இல் 1/60 செக்கன் வருகிறது என்று வைத்தால், 64 மடங்கு குறைக்கும் 6 ஸ்டொப் ஃபில்டர் (ஒரு ஸ்டொப்புக்கு வெளிச்சம் பாதியாகும்) அதை ஒரு செக்கனாக்கும். 10 ஸ்டொப் ஃபில்டர் 17 செக்கனாக்கும், அலை இருந்த இடம் புகையாகிவிடும். ஆகவே 6 ஸ்டொப், மாறாத வகை. அதையும் உடனே வாங்கவில்லை, காசு சேரும் மட்டும் தள்ளிவைத்தோம்.

எந்த நிறுவனத்தின் ஃபில்டர் என்று என்னிடம் பலர் கேட்பார்கள். ஜப்பானின் ஹோயா, மருமி, ஜெர்மனியின் பி+டபிள்யூ போன்றவை நீண்டகாலமாக இதைச் செய்கிறவை. பி+டபிள்யூ 1947இல் பேர்லினில் தொடங்கியது. அவர்களுடைய பல ஃபில்டர்களில் ஷொட் கண்ணாடியும் பித்தளை வளையமும் இருக்கும். உப்புக்காற்றில் பித்தளை அலுமினியத்தைப் போல இறுகிப் பிடிக்காது என்பதால் எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் பெயருள்ள நிறுவனங்கள் எல்லாவற்றிலும் மலிவு வரிசையும் உண்டு, போலியும் உண்டு. பெட்டியில் இருக்கும் பெயரை விட டியூப் லைட்டின் விம்பத்தை நான் நம்புகிறேன். சோதித்துப் பார்த்துச் சரியில்லாவிட்டால் மாற்றித் தருவோம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தந்த கடையில்தான் இரண்டையும் வாங்குவித்தோம். வந்த அன்றே டியூப் லைட், மேசைவிளக்கு, முகக்கண்ணாடி, வெள்ளைத் தாள் எல்லாம் பார்த்தோம். இரண்டும் தேறின.

பிறகு நடந்தவை

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த நாட்களில் நிலாவெளி விடுதி ஒன்றின் வேலை வந்தது. நண்பகல் வெயிலில் படம் எடுக்கக் கூடாது என்பது எல்லோரும் சொல்கிற பாடம். அந்த நாட்களில் நண்பகல் சூரியன் திருமலைக்குக் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளிய வானத்தில்தான் போலரைஸர் முழு வேலை செய்யும். சூரியன் உச்சியில் என்றால் அந்த 90 பாகை அடிவானம் முழுவதும் வட்டமாக வந்துவிடுகிறது. தண்ணீரின் பளபளப்பும் அடிவானத்து வானமும் அப்போது ஒரே திசையில் அதிர்கிற வெளிச்சம், வளையத்தின் ஒரே நிலையில் இரண்டும் அடங்கும். தம்பி மாடிப் பல்கனியில் நின்று வளையத்தை மெதுவாகத் திருப்பினார். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே "அண்ணா, கடல் திறக்குது" என்றார். வெள்ளித் தகடு போல மினுங்கிக்கொண்டிருந்த மேற்பரப்பு விலகி, அடியில் மணல் வரியும் கரும்பாறையும் தெரிந்தன. தண்ணீரின் மேற்பரப்பை ஏறத்தாழ 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது இது உச்சமாக இருக்கும். புரூஸ்டர் 1815இல் சொன்ன கோணம் இதுதான். மாடி அந்தச் சரிவைக் கொடுத்தது, மணலில் நின்று எடுத்த படங்களில் பாதிகூட வரவில்லை.

காலை எட்டு மணிக்கு எடுத்தபோது கதை வேறு. சூரியன் கிழக்கே கடல் மேல் நிற்க, வடக்கே புறாத்தீவுப் பக்கம் திரும்பினால் வானம் கறுக்க வளையத்தின் ஒரு நிலை, தண்ணீர் தெளிய அதற்குக் குறுக்கான நிலை. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். தம்பி தண்ணீரை எடுத்தார்.

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு கலியாணச் சோடியை எடுத்தபோது இரண்டு குறை கண்டோம். 24 மி.மீ.யில் வானத்தின் நடுவில் கருநீலப் பட்டை ஒன்று விழுந்து இரு பக்கமும் வெளுத்தது. அகலக் கோணம் வானத்தின் பெரிய துண்டைப் பிடிப்பதால் ஒரு பகுதி மட்டும் கறுக்கிறது. மற்றது எனக்கும் புதிது. மணப்பெண்ணின் அரக்குப் பட்டில் மடிப்புக்கு மடிப்பு ஓடிய மினுக்கம் வளையம் திரும்பியதும் செத்துப்போய், பருத்திச் சேலை போல ஆனது. சரிகை மட்டும் அப்படியே மின்னியது. உலோகத்தின் பளபளப்பைப் போலரைஸர் அவ்வளவாகத் தொடாது, பட்டின் பளபளப்பைத் தொடும். முகத்தின் வியர்வை மினுக்கம் அடங்கியதில் அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம், ஆனால் பட்டுக்காக வளையத்தைப் பாதியில் நிறுத்தினோம். இப்போது சேலைப் படங்களுக்கு அதைக் கழற்றிவிடுவதே வழக்கம்.

வைகாசியில் ஒரு படகுக்காரருக்காகத் திமிங்கிலம் பார்க்கும் பயணத்தில் போனார். போலரைஸர் ஒன்றரை ஸ்டொப் அளவில் வெளிச்சத்தைத் தின்னும், ஆடுகிற படகில் ஷட்டர் வேகம்தான் முக்கியம் என்று அதைப் பையில் வைத்துவிட்டார். அது சரியான முடிவு. தொலைதூர லென்ஸ் என் சொற்படி ஹூட்டோடு மட்டும் இருந்தது. திரும்பி வரும்போது காற்று எழும்பிச் சாரல் அடித்தது. ஹூட் காற்றுக்கு எதிரே குழல் போலச் சாரலை உள்ளே வாங்கியிருக்கிறது. முன்கண்ணாடியில் விழுந்த துளிகள் வெயிலில் காய்ந்து வெள்ளைப் புள்ளிகளாக, எதிரே டொல்பின் கூட்டம் துள்ள, தம்பி சேட்டு நுனியால் துடைத்தார். உப்புப் பரல் பூச்சில் கோடு கீறியது. நகத்தை ஓட்டினால் தெரியாத, டோர்ச் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் மூன்று கோடுகள்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். மாசியில் அவர் ஃபில்டரின் பழியை லென்ஸ் மேல் போட்டார். பங்குனியில் நான் ஒரு கெட்ட ஃபில்டரின் பழியை எல்லா ஃபில்டர் மேலும் போட்டேன். டச் பேயில் நாங்கள் சோதித்தது அந்த ஒன்றை மட்டும். நல்ல கண்ணாடி 300 மி.மீ.யில் என்ன செய்யும் என்று பார்க்காமலேயே வேண்டாம் என்றேன். பிறகு 67 மி.மீ.யில் பூச்சுள்ள காப்புக் கண்ணாடி ஒன்றை என் செலவில் எடுத்து, அதே கடற்கரையில், அதே காலை நேரத்தில், அதே விளிம்பைப் பார்த்தோம். ஒரே கோடு. போட்டும் கழற்றியும் எடுத்த ஆறு படங்களைப் பெயர் மறைத்துப் பிரிக்கச் சொன்னால் எங்கள் இருவராலும் முடியவில்லை.

77 மி.மீ. காப்புக் கண்ணாடியைப் படிவளையத்தோடு இதற்குப் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் படிவளையம் ஏறிய பிறகு லென்ஸின் சொந்த ஹூட் பூட்டாது. போலரைஸருக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த நேரமும் இருக்க வேண்டிய காப்புக்கு அது ஒத்துவராது. இது வாங்கும் முன் எங்களுக்குத் தோன்றவில்லை.

கச்சான் காற்றுக் காலம் முழுக்க அந்த இரண்டு காப்புக் கண்ணாடியும் உழைத்தன. வேலை முடிந்ததும் தம்பி அவற்றைக் கழற்றி நல்ல தண்ணீரில் பிடித்து உப்பைக் கரைத்த பிறகே துணியைத் தொடுகிறார். கடலோரக் கிணறு உவராக இருந்தால் போத்தல் தண்ணீர். லென்ஸை அப்படித் தண்ணீருக்குக் கீழே பிடிக்க முடியாது, காப்புக் கண்ணாடியால் கிடைக்கும் பெரிய வசதி இதுதான். திருகையும் மாதத்தில் இரண்டு தடவை கழற்றிப் பூட்டுகிறார்.

அடுத்த மாசியில் அதே பெடியன்கள் அதே சந்தியில் வளைவு கட்டினார்கள். இந்த முறை ஃபில்டர் பையில், ஹூட் லென்ஸில். 24–70இல் எடுத்த படங்களில் வளைவு மேலே மட்டும் இருந்தது. கீழே முகங்கள் இருட்டும் தீபமுமாக, தெளிவாக இருந்தன.

மாற்றிச் செய்யவேண்டியவை

இரவில் வினோதமான புள்ளியோ மங்கலோ வந்தால், யாரிடமும் கேட்கும் முன் ஃபில்டரைக் கழற்றி இன்னொரு படம். இதை நான் இப்போது என்னிடம் பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன். தம்பிக்கு யாரும் சொல்லாததால் ஒரு வேலையின் காசு குறைந்தது, ஒரு லென்ஸ் போகவிருந்தது.

படகு வேலைக்கு முதல் நாளே காப்புக் கண்ணாடி வாங்கியிருக்க வேண்டும். போலரைஸரை ஒரு மாதம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. எது இல்லாவிட்டால் படம் குறையும், எது இல்லாவிட்டால் பொருள் பழுதாகும் என்று பிரித்துப் பார்க்காமல், படத்தை மட்டும் நினைத்துக் காசைப் பங்கிட்டோம். ஈரம் புகாதபடி செய்த லென்ஸ்களிலும் சிலவற்றுக்கு முன்னால் ஃபில்டர் போட்டால்தான் அந்தக் காப்பு முழுமையாகும் என்று செய்தவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். அதையும் நாங்கள் பிறகுதான் வாசித்தோம்.

மெல்லிய துணி, ஊதும் பந்து, ஒரு போத்தல் நல்ல தண்ணீர் மூன்றும் படகுப் பையில் இருக்க வேண்டும். இருந்திருந்தால் சேட்டு நுனிக்கு வேலையில்லை.

என்டி ஃபில்டரை ஆடியில் வாங்கினார். இராவணன் வெட்டுப் படம் அவர் நினைத்தபடி வந்தது, அதில் எழுத அதிகமில்லை. 70–300இன் மூன்று கோடுகளும் சாதாரணப் படத்தில் தெரிவதில்லை. சூரியனுக்கு நேரே பிடித்தால் ஒரு மெல்லிய வெண்மை படர்கிறது. கிழக்கே கடல் உள்ள ஊரில் காலை எல்லாம் சூரியனுக்கு நேரேதான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்துக்கு இப்போது அவர் என்னுடைய தொலைதூர லென்ஸை எடுத்துக்கொண்டு போகிறார்.